பவளத்தின் பசி

(விழாவின் இரண்டாம் நாள் மாலை நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பவளம் என்றவுடன் தமிழ் நெஞ்சில் தோன்றுவன மூன்று. ஒன்று, கழுத்தணியில் கோத்த செம்மணி. துகிர் என்று பழையோர் வழங்கியதும் நவமணிகளுள் ஒன்றாக எண்ணப்படுவதும் அதுவே. மற்றொன்று, புலவர் உவமையில் வரும் செவ்விதழ். மூன்றாவது, அல்லியோடும் அருச்சுனனோடும் சேர்த்துப் பேசப்படும் பவளக்கொடியின் கதை. மணி, இதழ், கொடி ஆகிய இம்மூன்றில் எதற்கும் வயிறு இல்லை. ஆதலால் பவளத்துக்குப் பசிக்கும் என்னும் எண்ணம் எவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. இவ்வுரை அந்தப் பசியைப் பற்றியது; அதற்கு இரையாகும் சிறு மீன்களைப் பற்றியது; இரண்டையும் ஒரே கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் மனிதரைப் பற்றியதும் ஆகும்.

கடல்நீர் நிரப்பிய தொட்டியில் உயிருள்ள பவளங்களையும் வண்ணமீன்களையும் வீட்டிலேயே வளர்க்கும் பழக்கம் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், சிங்கப்பூர் முதலிய நாடுகளில் நன்கு வேரூன்றியுள்ளது. தமிழகக் கரையிலும் பவளம் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். எனவே இங்குச் சொல்லப்படுவன கடல் கடந்த இல்லங்களின் செய்திகள். அவ்வில்லங்களுள் தமிழர் இல்லங்களும் உண்டு.

அத்தகைய தொட்டி உடையவர்க்குக் காலையில் எழுந்தவுடன் மீன்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஆறு இருந்த இடத்தில் ஐந்து இருந்தால் முதலில் தொட்டியின் பின்புறத் தரையைப் பார்ப்பார். மீன் துள்ளி வெளியே விழுந்திருக்கக்கூடும். பின்னர் நீர் வடிகட்டும் பெட்டியைத் திறந்து பார்ப்பார். பாறை இடுக்குகளில் விளக்கடித்துத் தேடுவார். எங்கும் காணாமல் சலித்து நிற்கையில், நேற்றுவரை தட்டையாகப் படுத்திருந்த பவளம் ஒன்று இன்று உப்பித் திரண்டிருப்பது கண்ணில் படும். அதன் வாயோரத்தில் ஒரு வால் துடுப்பின் நுனி நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்போதுதான் தாம் பணம் கொடுத்து வாங்கி வந்தது பூ அன்று, விலங்கு என்பது அவர்க்கு உறைக்கும்.

அவரை நகைப்பதற்கில்லை. பவளம் விலங்கு என்பதை அறிஞர் உலகமே நெடுங்காலம் ஏற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்சிலி என்னும் இத்தாலியப் பெருமகன், கடலிலிருந்து எடுத்த செம்பவளக் கிளையை நீரில் வைத்தபோது அதன் மேல் வெண்ணிறமாய்ச் சிறு சிறு மலர்கள் விரியக் கண்டார். பவளம் பூத்தது என்றே எழுதினார். 1720களில் பெய்சொனெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், அவை மலர்கள் அல்ல, உயிர்கள் என்று கண்டு பாரிசு அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அக்கழகத்தின் பேரறிஞரான ரெயோமூர் அக்கருத்தை ஏற்கவில்லை. எழுதியவர்க்கு இழுக்கு நேரக்கூடாது என்று எண்ணி, அவர் பெயரைக் கூறாமலே அதனை அவையில் எடுத்துரைத்தார். 1740களில் திரெம்ப்ளே என்பவர் நன்னீரில் வாழும் ஹைட்ரா என்னும் நுண்ணுயிரின் இயல்பை வெளியிட்ட பிறகே மருத்துவரின் கூற்று மெய் என்பது நிலைபெற்றது. மலர்போல் இருப்பதை மலரென்று கொள்ளும் மயக்கம் அத்துணை வலியது. பவளக்கொடி என்னும் தமிழ்ப் பெயரும் அம்மயக்கத்தின் வழி வந்ததே.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு பகுத்தது யாவரும் அறிந்தது. புல்லும் மரமும் ஓரறிவின; நந்தும் முரளும் ஈரறிவின; இவ்வாறு அது மேற்செல்லும். அங்கே பவளத்துக்குத் தனியிடம் சொல்லப்படவில்லை. சமண நூல்கள் பவளத்தை மண்ணுடம்பு பெற்ற ஓரறிவு உயிர்களின் வரிசையில், மணிகளோடும் கனிமங்களோடும் சேர்த்து எண்ணுகின்றன. அணிகலனாகக் கைக்கு வரும் செம்பவளம் கல் போன்ற கூடே ஆதலின் அவ்வாறு எண்ணியது இயல்பே. அக்கூட்டைக் கட்டிய உயிரைத் தொட்டியில் வைத்துப் பார்ப்பவரோ வேறொன்றைக் காண்கிறார். தொட்டால் அது சுருங்குகிறது. இறாலின் சாறு ஒரு சொட்டு நீரில் கலந்தால், இரை தீண்டுவதற்கு முன்பே விரிந்து வாய் திறக்கிறது. தீண்டுணர்வோடு சுவையுணர்வு போன்ற ஒன்றும் அதற்கு உண்டு என்பது வெளிப்படை. நந்தின் பக்கத்தில் அதனை அமர்த்தினால் மரபியலார் மறுக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

பவள உயிரின் உடலமைப்பு எளியது. பாலிப் எனப்படும் ஒரு சிறு பை. பையின் மேல் ஒரே வாய். வாயைச் சுற்றி உணர்நீட்சிகள். உண்பதும் கழிப்பதும் அவ்வொரு வாய் வழியே. உணர்நீட்சிகளில் கொட்டும் செல்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் சுருட்டி வைத்த நூல் ஒன்று, அழுத்தம் மிக்க உறையில் அடங்கியிருக்கும். இரை பட்டவுடன் அந்நூல் ஈட்டிபோல் பாய்ந்து நஞ்சைச் செலுத்தும். பவளத்தின் உறவினமான ஹைட்ராவில் இப்பாய்ச்சலை அளந்தவர்கள், அது ஒரு வினாடியின் 10 இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் முடிகிறது என்று கண்டனர். இமைப்பொழுது என்று தமிழ் சொல்லும் அளவு இதனோடு ஒப்பிட ஓர் ஊழி.

இத்தனை படைக்கலமும் எதற்கு? பவளங்கள் பலவற்றின் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக்கொண்டு சர்க்கரைப் பொருளை ஆக்கி, தங்க இடம் கொடுத்த பவளத்துக்குப் பெரும்பகுதியை வழங்கிவிடுகின்றன. இதனை அறிந்த வணிகர் சிலர், "விளக்கொளி ஒன்றே போதும், வேறு உணவு வேண்டா" என்று சொல்லி விற்பதுண்டு. பாதி உண்மையே பெரிய தீங்கு செய்யும். சர்க்கரை, ஆற்றலைத் தருமேயன்றி உடலை வளர்க்காது. தசை வளர நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். அவற்றுக்குப் பவளம் இரையை நாட வேண்டியிருக்கிறது. கடலில் இரவுதோறும் மேலெழும் நுண்ணுயிர்க் கூட்டம் அத்தேவையை நிறைவு செய்கிறது. வடிகட்டித் தெளிய வைத்த தொட்டி நீரில் அக்கூட்டம் இல்லை. தெளிந்த நீர் மனிதர் கண்ணுக்கு அழகு. பவளத்துக்கோ அது வெறும் இலை போட்ட பந்தி.

எல்லாப் பவளமும் மீனைப் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொட்டிகளில் வளர்வனவற்றுள் பெரும்பாலானவற்றின் பாலிப்கள் மிகச் சிறியன. மீன் அவற்றுக்கு மலைபோன்றது. அஞ்சத்தக்கவை பெரிய வாயும் பருத்த தசையும் உடையவை சிலவே. எலிகன்ஸ் பவளம் என்று வணிகத்தில் வழங்குவது ஒன்று; இந்தோனேசியா, ஆஸ்திரேலியா பகுதிகளின் சேற்றுத் தரையில் வாழ்வது; நுனி செந்நிறமான நீண்ட உணர்நீட்சிகள் நீரோட்டத்தில் அசைவதைக் கண்டு மயங்காதவர் இல்லை. அதன் கொட்டு வலியது; அருகே தடுமாறும் சிறு மீனை அது பற்றிக்கொள்ளும். சூரியப் பவளம் என்பது மற்றொன்று. பெயருக்கும் இயல்புக்கும் சிறிதும் பொருத்தம் இல்லை: அதன் உடலில் ஒளியுண்ணும் பாசியே கிடையாது, கடலில் பாறையின் அடிநிழலிலும் குகை வாயிலிலும் வாழ்கிறது, பெரும்பாலும் இருளிலேயே விரிகிறது, முழுதும் இரையை நம்பியே உயிர் தரிக்கிறது. பெயரை நம்பி வெளிச்சத்தில் வைத்துப் பட்டினியால் சாகவிட்டவர் பலர்.

யானைக் காது என்று அழைக்கப்படுவதன் செயல்முறை இவை எல்லாவற்றினும் வியப்புக்குரியது. காளான் என்றும் அதனைச் சொல்வர். காளானும் அன்று, முழுமையான பவளமும் அன்று. கல் கூடு கட்டாத, பவளத்தின் நெருங்கிய சுற்றம். தட்டுப்போல் அகன்று பாறையில் படிந்திருக்கும். கொட்டி வீழ்த்துவது அதன் முதன்மையான முறை அன்று. மீன் ஒன்று அதன் நடுவே வந்து தங்கினால், விளிம்பு மெல்ல மேலெழுகிறது. மூதாட்டியர் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாய் எவ்வாறு கூடுமோ அவ்வாறே விளிம்பு ஒன்றுகூடிப் பந்துபோல் மூடிக்கொள்கிறது. பின்னர் உள்ளே இருப்பதை வாய் விழுங்குகிறது. 1980இல் ஹாம்னர், டன் என்னும் இரு ஆய்வாளர்கள் இவ்வகை உயிர்கள் இரையை மூடிப் பிடிக்கும் முறையை விரித்து எழுதினர். இதில் இரங்கத்தக்கது ஒன்று உண்டு. கோமாளி மீன் கடற்சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கு நடுவே அச்சமின்றி வாழும் இயல்புடையது. அதன் உடற்பசை அதற்குக் காப்பு. கடற்சாமந்தி இல்லாத தொட்டியில் அம்மீன் யானைக் காதையே புகலிடமாகக் கொள்வதுண்டு. கொட்டிலிருந்து காக்கும் பசை, மூடிக்கொள்ளும் பையிலிருந்து காப்பதில்லை. புகலென்று போன இடமே பொறியாகிறது.

கடலில் பவளங்கள் வேட்டையாடுவதில்லையோ என்று ஐயுற வேண்டா. செங்கடலில் காளான் பவளம் ஒன்று நிலா இழுதுமீனை உண்பதை 2009இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். நடுநிலக் கடலில் வாழும் செம்மஞ்சள் பவளத்தின் சிறு பாலிப்கள் பல ஒன்றுகூடித் தம்மினும் பன்மடங்கு பெரிய இழுதுமீனைப் பிடித்துப் பகிர்ந்து உண்பது 2018இல் வெளியாயிற்று. ஆயினும் நலமுள்ள மீன் கடலில் பவளத்திடம் அகப்படுவது அரிது. பவளப்பாறையே மீனின் ஊர். எந்தப் பொந்தில் உறங்கலாம், எதன் அருகே செல்லலாகாது என்பதை அது பிறந்து வளர்ந்து பழகியிருக்கிறது. துரத்துபவன் வந்தால் ஓடுவதற்கு எல்லையற்ற நீர் இருக்கிறது.

தொட்டியில் அந்த எல்லை நான்கு கண்ணாடிச் சுவர்களாக நிற்கிறது. புதிதாக வந்த மீன் பையில் அடைபட்டு நெடுந்தொலைவு பயணம் செய்து களைத்திருக்கும். பழைய மீன்கள் அதனைத் தம் இடத்தில் அண்டவிடா. டாம்சல் என்னும் சிறு மீன் உருவில் சிறிது, சினத்தில் பெரிது. அது துரத்தும்போது புதியது எதிரே இருப்பது எதுவென்று பாராமல் பாய்கிறது. இரவில் விளக்கு திடீரென்று அணையும்போதும், நள்ளிரவில் யாரேனும் திடீரென்று ஏற்றும்போதும் மீன்கள் வெருண்டு ஓடுகின்றன. நீரோட்டம் உண்டாக்கும் விசிறியின் வீச்சு, அரைத்தூக்கத்தில் இருக்கும் மீனைப் பவளத்தின் மேல் கொண்டு சேர்த்துவிடுகிறது. கடற்குதிரையின் நிலை இன்னும் மோசம். வாலால் எதையேனும் பற்றிக்கொண்டு நிற்பது அதன் பிறவிக் குணம். பற்றுவதற்குக் கிடைத்தது கொட்டும் பவளமானால் விடத் தெரியாமல் வெந்து போகிறது.

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பவளத்தின் வாயில் மீனைக் கண்டவர் எல்லாரும் பவளமே கொன்றது என்று முடிவு கட்டுகின்றனர். பல வேளைகளில் அம்மீன் முன்னரே நோயுற்றோ, நீர் கெட்டோ, பட்டினியாலோ இறந்திருக்கும்; விழுந்த உடலைப் பவளம் ஏற்றுக்கொண்டிருக்கும். அந்நிலையில் பவளத்தைக் குற்றவாளி ஆக்குவது வீட்டுக்காரருக்கு எளிதான வழி. நீரின் உப்பளவையும் அம்மோனியாவையும் சோதித்துப் பார்க்கும் வேலை அதனால் தப்பிவிடுகிறது. அடுத்த வாரம் மற்றொரு மீன் வாங்கப்படும், அதுவும் போகும்.

சிங்கப்பூரில் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் தங்கச் சென்ற மூதாட்டி ஒருவரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். தண்ணீரை வடிகட்டாமல் வாயில் வைக்காதவர். அவர் பேரன், கல்லூரி மாணவன், உரிமம் பெற்ற கடையில் வாங்கிய மூளைப் பவளம் ஒன்றைத் தொட்டியின் மணல் தரையில் வைத்திருந்தான். பகலில் அது பச்சையும் சிவப்பும் கலந்த பட்டுத் துணியை மடித்து வைத்தாற்போல் இருக்கும். உணர்நீட்சி ஒன்றும் புலப்படாது. இருட்டியபின்தான் மடிப்புகளின் ஓரத்திலிருந்து அவை வெளிவரும். விளக்கணைத்துவிட்டு உறங்கச் செல்லும் வீட்டார்க்கு அதன் கைகள் எப்படித் தெரியும்? ஒரு காலையில், மணலில் படுத்துறங்கும் வழக்கமுள்ள விரல்கடை நீள மீன் ஒன்று காணாமற்போயிற்று. இரண்டாம் நாள் பவளத்தின் அருகே பசை சுற்றிய முள்ளெலும்பு கிடந்தது.

"பாட்டி, இது தின்றுவிட்டது" என்றான் பேரன். குரலில் பவளத்தின் மேல் கோபம் இருந்தது.

மூதாட்டி தொட்டியை நெடுநேரம் பார்த்தார். "அது இருக்கட்டும் கண்ணு. இதுக்கு வேளாவேளைக்கு என்ன போட்டுக்கிட்டு இருந்தே?"

"ஒன்றும் இல்லை பாட்டி. வெளிச்சம் போதும் என்று சொன்னார்கள்."

"எவ்வளவு நாளா?"

"நாலு மாதமாக."

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தபின் உண்ணாத ஒருவர், பொழுது சாய்ந்தபின்னரே கை நீட்டும் உயிர் ஒன்றின் முன் அமர்ந்திருந்த காட்சியை அவ்வீட்டார் பின்னர்ப் பலரிடம் சொல்லியிருக்கின்றனர்.

அப்பேரனுக்கு முன் இருந்த வழிகள் சிலவே; எதுவும் எளிதன்று. பவளத்தைக் கடலில் கொண்டு விடலாம் என்று எண்ணுவது பெரும்பிழை. வேற்றிடத்து உயிர் புதுக்கடலில் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கக் கரை சான்று: இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு உரிய சிங்கமீன் 1985இல் புளோரிடாக் கரையில் முதலில் காணப்பட்டு, வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழியே பெருகி, இன்று கரீபியக் கடல் முழுதும் அங்குள்ள சிறு மீன்களை அழித்துவருகிறது. கடைக்கே திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் அதனை மற்றொரு சிறுமீன் தொட்டிக்கு விற்பார். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றலாம். அது செலவு மிக்கது, ஆயினும் நேர்மையானது. மாற்ற இயலாதவர், பவளத்தின் வாயினும் பெரிய உடலுள்ள மீன்களையே உடன் வைக்கலாம். மணலில் உறங்குவனவற்றைத் தவிர்க்கலாம். விளக்கை ஒரேயடியாக அணைக்காமல் படிப்படியாக மங்கச் செய்யலாம். உறங்கும் மீனுக்கு ஒளிந்துகொள்ளப் போதிய பொந்துகளை அமைக்கலாம்.

பவளத்துக்கு உணவு கொடுத்தால் மீனை விட்டுவிடுமா என்பது அடிக்கடி எழும் வினா. வயிறு நிறைந்த கடற்சாமந்தியிடம் கொட்டும் செல்கள் பாய்வது குறைகிறது என்பது கண்டறியப்பட்டுள்ளது. பவளம் அதன் நெருங்கிய இனம். உண்ட பவளம் உணர்நீட்சிகளை உள்ளிழுத்து மூடிக்கொள்வதையும் காணலாம். ஆகவே இடர் குறையும். அறவே நீங்கிவிடும் என்று உறுதி கூற இயலாது.

உணவு எது என்பதில்தான் சிக்கல் மீண்டும் தலைகாட்டுகிறது. பவளம் கீரை உண்ணாது. உறையவைத்த சிற்றிறாலும், ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர்ச் சிற்றுயிருமே அதற்கு இடப்படுகின்றன. தூத்துக்குடி உப்பளங்களின் தேக்கங்களில் துள்ளுவதும் அந்த ஆர்ட்டீமியா இனமே. ஒரு மீனைக் காக்க எத்தனை சிற்றிறால் என்று கணக்கிட்டால் விடை மனத்துக்கு இதமாக இராது. பேரன் இதனைப் பாட்டியிடம் மறைக்கவில்லை. அவர் சிந்தித்துவிட்டு, "வாங்கறதுக்கு முன்னால கேட்டிருக்க வேண்டிய கேள்விப்பா இது. வாங்கிட்டு வந்ததைப் பட்டினி போட முடியாது" என்றார்.

மீன்கள் வேறு தொட்டிக்கு மாறின. மூளைப் பவளம் அதே மணலில் இருக்கிறது. புதிய பவளம் எதுவும் அவ்வீட்டில் வாங்கப்படவில்லை. வாரத்தில் இரண்டு இரவு, விளக்கு மங்கி அரைமணி கழிந்தபின், மடிப்புகளின் ஓரத்தில் கைகள் நீண்டிருக்கின்றனவா என்று சிவப்பு விளக்கில் பார்த்து, பேரன் அதற்கு உணவு இடுகிறான்.